வளைவும் விரைவும்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில் வானை முட்டி நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அதன் முடியில் அமைந்த சிற்றூர் போடிமெட்டு. இவ்விரண்டையும் இணைக்கும் மலைவழி, கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்று மக்கள் வழங்கும் நெடுவழியின் ஒரு பகுதியாகும். முந்தல் என்னும் இடத்தில் சமவெளியை விட்டு நீங்கும் அச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளாக வளைந்து வளைந்து ஏறி, இடையே புலியூத்து அருவியைக் காட்டி, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள போடிமெட்டைச் சென்று சேர்கின்றது. கீழே நின்று நோக்குவார்க்கு அச்சாலை, மலைமகள் தன் மார்பில் தவழவிட்ட ஒற்றைச் சரம்போல் காட்சியளிக்கும். மேலே நின்று நோக்குவார்க்கோ, தாம் ஏறி வந்த வழி இதுதானா என்னும் வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும்.

போடிமெட்டில் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் எல்லை தொடங்குகின்றது. அப்பால் விரிந்து கிடப்பவை ஏலத்தோட்டங்கள். மரநிழலில் தழைத்து வளரும் ஏலச்செடியின் அடியிலிருந்து கிளம்பும் கொத்துகளில் காய்கள் விளையும். அக்காய்கள் பறிக்கப்பெற்று, உலர்த்தப்பெற்று, விலை கூறுதற்காகப் போடிக்கு வரும். ஏலம் என்பது காய்க்கும் பெயர். கூவி விற்றலுக்கும் பெயர். ஆகவே, ஏலத்திற்கே ஏலம் நடக்கும் ஊர் என்று போடியைப் புகழ்வதுண்டு. அக்காய்களைப் பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்குடன் ஜீப்பு வண்டியில் ஏறி, 17 வளைவுகளையும் கடந்து தோட்டத்திற்குச் செல்வதும், பொழுது சாயும்போது அவ்வழியே மீள்வதும் அப்பெண்களின் நாள்முறை. அவர்களுடைய உயிர் நாள்தோறும் இருமுறை ஓர் ஓட்டுநரின் கையில் அடைக்கலமாகின்றது.

அத்தகைய ஓட்டுநருள் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மலைவழியில் ஜீப்பு ஓட்டி வந்த பெரியவர். வண்டியின் உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதவர் என்று பெயர் பெற்றவர். அண்மைக்காலமாக அவருடைய கண்களில் புரை படரத் தொடங்கியிருந்தது. இருள் வந்ததும், எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளி பல கதிர்களாகச் சிதறி அவர் பார்வையை மறைத்தது. அறுவை மருத்துவம் செய்துகொள்ளும் வரையில் இரவில் வண்டி ஓட்டுதல் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அதனை அவர் வீட்டாரிடம் கூறவில்லை. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் மறையுமுன் கீழே இறங்கிவிடுவதே அவர் கண்ட வழி.

அவருக்கு இருபத்திரண்டு வயதுப் பேரன் ஒருவன் உண்டு. அவன் முறைப்படி உரிமம் பெற்றவன். சமவெளியில் வண்டியைத் திறமையாக ஓட்டுபவன். பகலில் இரண்டொரு முறை தாத்தாவை அருகில் வைத்துக்கொண்டு மலையேறியும் இருக்கின்றான். ஆயினும், இறக்கத்தில் அவனிடம் ஒருநாளும் பெரியவர் திறவுகோலைக் கொடுத்ததில்லை. காரணம் கேட்டால், “உனக்குக் கை நன்றாக இருக்கின்றது, கால் இன்னும் பழகவில்லை” என்பார். விரைவை விரும்பும் கால் அது என்பது அவருடைய கருத்து.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பூப்பாறையில் உள்ள அத்தை வீட்டிற்குச் சென்றிருந்த பேரனும், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவன் தங்கையும், தாத்தாவின் வண்டியிலேயே ஊர் திரும்பினர். வண்டியில் தொழிலாளப் பெண்கள் அறுவர் இருந்தனர். போடிமெட்டை அடைந்தபோது வண்டிகள் வரிசையாக நின்றன. கீழே ஒரு வளைவில் மழையால் பாறை சரிந்து சாலையை அடைத்துவிட்டது என்றும், அதனை அகற்றும் வேலை நடக்கின்றது என்றும் செய்தி வந்தது. மஞ்சு இறங்கி மலையை மூடியது. குளிருக்கு அஞ்சியவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேநீர்க்கடைக்குள் புகுந்தனர்.

காத்திருக்கும் இடத்தில் கதை பிறக்கும் என்பது உலக வழக்கு. அக்கடையின் சுவரில் ஒட்டியிருந்த திரைப்படச் சுவரொட்டி ஒன்று அன்றைய கதைக்கு வித்தாயிற்று. அதில் கார் ஒன்று தீப்பிழம்பின் நடுவே வானில் பறந்துகொண்டிருந்தது. அதனைக் கண்ட லாரி ஓட்டுநர் ஒருவர் நகைத்தார்.

“2001-இல் தொடங்கிய ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ என்னும் ஆங்கிலப் படத்திற்குப் பகுதிமேல் பகுதியாக எத்தனையோ வந்துவிட்டன. அவற்றுள் 2015-இல் வந்த ஏழாம் பகுதியில், ஒரு வானளாவிய மாளிகையிலிருந்து மற்றொரு மாளிகைக்குக் கார் பறந்து செல்லும். நானோ, ஒரு வளைவில் சக்கரம் மண்ணை விட்டு ஓரங்குலம் எழுந்தால், அன்று முழுதும் உணவு கொள்ளமாட்டேன்” என்றார் அவர். கடையில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர்.

“நம் மலையையும் படம் எடுத்திருக்கின்றார்களே! 2010-இல் வந்த ‘மைனா’ குரங்கணிப் பக்கத்தில் எடுக்கப்பெற்றது. 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ நம்மைப்போன்ற தோட்டத்து மக்களின் கதையையே சொல்லிற்று” என்றார் கடைக்காரர்.

தொழிலாளப் பெண்களுள் மூத்தவர் தலையசைத்தார். “மைனா படத்தில் பேருந்து ஒன்று மலைவிளிம்பில் தொங்கும். திரையரங்கில் எல்லாரும் இமைகொட்டாமல் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்றோ ஒருநாள் மலைக்கு வருபவர்களுக்கு அது காட்சி, நாள்தோறும் விளிம்பின் ஓரமாகவே போய் வருகின்றவளுக்கு அது காட்சியன்று” என்றார். அச்சொல்லைக் கேட்டதும் கடையில் சிறிது நேரம் அமைதி நிலவியது.

அவ்வமைதியைக் கலைத்தவன் பேரன். “வண்டிகளே மாந்தராக நடிக்கும் படங்கள் உண்டு. ‘கார்ஸ்’ என்பது அவற்றின் பெயர். மூன்று பகுதிகள் வந்துள்ளன. அவற்றுள் 2011-இல் வந்த இரண்டாம் பகுதியே எனக்குப் பிடித்தது. டோக்கியோ, இத்தாலி, லண்டன் என்று நாடுவிட்டு நாடு பந்தயம் நடக்கும். ஒற்றர் வண்டிகள் கடலிலும் வானிலும் பாய்ந்து செல்லும். அதன் விரைவே விரைவு!” என்றான்.

“வண்டி பேசுமா, தம்பி?” என்று வியந்து கேட்டார் மூத்த பெண்.

“பேசும் அம்மா. கேட்கத்தான் காது வேண்டும்” என்று பேரனுக்கு முன்னரே விடை கூறினார் பெரியவர். “தடைக்கட்டை தேய்ந்தால் கிறீச்சிடும், பாரம் மிகுந்தால் எந்திரம் முனகும், சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் திருப்புசக்கரம் ஒருபுறமாக இழுத்துச் சொல்லும். நான் முப்பது ஆண்டாக அதனுடன் பேசிக்கொண்டுதான் இருக்கின்றேன்.”

“தாத்தா! அப்படியானால், கார்ஸ் முதற்பகுதியை நீங்கள் பார்க்கவேண்டும். அண்ணன் சொன்ன இரண்டாம் பகுதியில் விரைவு மிகுதி, முதற்பகுதியில் உங்களைப்போன்ற ஒருவர் இருக்கின்றார்” என்றாள் பேத்தி.

பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியின் பக்கம் திரும்பினார். அவள் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

அப்படம் 2006-இல் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. மெக்வீன் என்னும் சிவப்புப் பந்தயக் கார் அதன் தலைவன். வெற்றியன்றி வேறொன்றும் அறியாத இளைஞன் அவன். பெரும்பந்தயம் ஒன்றிற்குச் செல்லும் வழியில், மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு சிற்றூரில் அகப்பட்டுக்கொள்கின்றான். அவ்வூர் முன்னொரு காலத்தில் நெடுஞ்சாலையின்மேல் செழித்திருந்தது. பிற்காலத்தில் விரைவுச்சாலை ஒன்று ஊரை ஒதுக்கிவிட்டு அமைந்தமையால், அவ்வழியே வருவார் போவார் இன்றி வாடிற்று. மெக்வீன் வந்த வேகத்தில் ஊர்ச்சாலையைப் பெயர்த்துவிட்டான். ஆதலால், அதனைத் தானே செப்பனிட்டுத் தரவேண்டும் என்று தண்டனை பெற்றான். தண்டனை வழங்கியவர் டாக் ஹட்சன் என்னும் முதிய கார். மண்பாதையின் வளைவில் விரைந்து திரும்ப முயன்ற மெக்வீன், நிலை தவறிப் பள்ளத்தில் வீழ்ந்தான். முதியவரோ அதே வளைவை மிக எளிதாகக் கடந்தார். பின்னர்தான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் மும்முறை வாகை சூடிய பந்தய வீரர் என்பது. விபத்து ஒன்றிற்குப் பின் உலகம் அவரைப் புறக்கணித்து, புதியவர்பின் சென்றுவிட்டது.

“அவருடைய வேலை பறிபோய்விட்டதா?” என்று கேட்டார் பெரியவர். அவர் குரல் சற்றே தாழ்ந்திருந்தது.

“பறிபோயிற்று, தாத்தா. ஆனால் அவர் கற்றது பறிபோகவில்லை” என்றாள் பேத்தி.

இக்கதை முற்றிலும் கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. அமெரிக்க நாட்டில் 1926-இல் அமைந்த 66ஆம் எண் நெடுஞ்சாலை, புதிய விரைவுச்சாலைகள் பெருகியமையால் 1985-இல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன்மேல் வாழ்ந்த ஊர்கள் பல நலிந்தன. படத்தை ஆக்கிய பிக்சார் நிறுவனத்தார் அப்பழைய சாலையில் நேரே பயணம் செய்து, அங்குள்ளாரின் கதைகளைக் கேட்டு, அவற்றைத் தம் படத்தில் அமைத்தனர். பேசும் வண்டிகள் பொய்; ஆயினும், அவை பேசும் துன்பம் மெய்.

உயிரற்ற பொருளுக்கு உயிர் ஊட்டும் இக்கலையை அசைவூட்டக் கலை என்பர். ஒரு நொடிக்கு 24 படங்கள் வீதம் கண்முன் ஓடும்போது, நில்லாமல் நகர்வதுபோன்ற தோற்றம் உண்டாகின்றது. ஒன்றரை மணி நேரம் ஓடும் படத்திற்கு இக்கணக்கில் 1,29,600 படங்கள் வேண்டும். 1937-இல் டிஸ்னி நிறுவனம் ‘ஸ்னோ ஒயிட்’ கதையைப் படமாக்கியபோது, படங்கள் கையாலேயே வரையப்பெற்றன. முழுவதும் கணினியால் ஆக்கப்பெற்ற முதல் முழுநீளப் படம் 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’. கணினி வந்தமையால் உழைப்புக் குறைந்துவிடவில்லை. கார்களின் பளபளப்பான மேனியில் வானமும் மலையும் எதிரொளிப்பதைக் காட்டவேண்டியிருந்தமையால், கார்ஸ் படத்தில் ஒரே ஒரு படத்தைக் கணினி ஆக்கி முடிப்பதற்குச் சராசரியாக 17 மணி நேரம் ஆயிற்று என்பர். கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும் விரைவுக்குப் பின்னால் இத்துணைப் பொறுமை நிற்கின்றது! இதனைப் பேத்தி எடுத்துரைத்தபோது, “நம் மலையிலும் 17 வளைவுகள்தாம்” என்று லாரி ஓட்டுநர் கூற, மீண்டும் சிரிப்பெழுந்தது.

“முதற்பகுதி நன்றாக இருந்தால் போதுமே, இரண்டாவதும் மூன்றாவதும் எதற்கு? காசு பார்க்கத்தானே?” என்று கடைக்காரர் வினவினார்.

அதற்கு மூத்த பெண் கூறிய விடை, ஏலத்தோட்டத்திலேயே விளைந்தது. “ஏலக்கொத்தில் எல்லாக் காயும் ஒருங்கே விளையாது. விளைந்ததை மட்டும் எடுத்து, இளங்காயைச் செடியிலேயே விட்டுவருவோம். நாற்பது நாள் கழித்து அடுத்த சுற்றுக்குப் போனால், விட்டுவந்தது விளைந்திருக்கும். பேராசையால் இளங்காயையும் உருவிவிட்டால் அடுத்த சுற்றில் வெறுங்கொத்துத்தான் இருக்கும். கதையும் அப்படித்தானே இருக்கவேண்டும்? முதற்சுற்றில் விளையாமல் நின்றது ஏதேனும் இருந்தால் மறுபடி போகலாம், ஒன்றும் இல்லையென்றால், கூடையைத் தூக்கிக்கொண்டு போவது வீண்” என்றார் அவர்.

கல்லூரி காணாத அப்பெண்மணியின் கூற்று, நம் இலக்கண நூலார் கருத்தோடு ஒத்து நிற்றல் எண்ணி இன்புறத்தக்கது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். முன்னோர் நூலின் முடிவோடு முரணாமல் நின்று, பின்னோன் தான் வேண்டும் புதுமையையும் சேர்த்துச் சொல்வதே வழிநூல் என்பது அவர் கருத்து. முன்னதை மறந்தால் அது வழியன்று. புதியது ஒன்றும் இல்லையேல் அது நூலன்று. திரைப்படத்தின் பின்பகுதிக்கும் இவ்விலக்கணம் பொருந்தும்.

இதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று இரட்டைக் காப்பியங்கள். சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்ச்சி மணிமேகலை. கோவலன் கொலையுண்டான், கண்ணகி மதுரையை எரித்துப் பின் மலைநாடு அடைந்தாள். அவள் சென்று சேர்ந்த இடம், இதே மலைத்தொடரில் கூடலூருக்கு மேலே உள்ள மங்கலதேவி மலைமுடி என்று இப்பகுதி மக்கள் நம்பிச் சித்திரைப் பௌர்ணமியில் அங்கே சென்று வழிபடுகின்றனர். அத்துணைப் பெருந்துயருக்குப் பின் வந்த காப்பியம், மற்றொரு சிலம்பையும் மற்றொரு தீயையும் காட்டவில்லை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்ததைக் காட்டிற்று. முன்னதில் மூண்ட தீ ஊரை எரித்தது. பின்னதில் பசி என்னும் தீ அவிந்தது. தாயர் பட்ட துன்பத்தை மறவாமல், அதனை அருளாக மாற்றியமையால், மணிமேகலை வழிவந்த நூல்களுள் வாகை சூடி நிற்கின்றது.

டாய் ஸ்டோரிப் படங்களும் இம்முறையில் வளர்ந்தவை. 1995-இல் வந்த முதற்பகுதியில் சிறுவனாக இருந்தவன், 2010-இல் வந்த மூன்றாம் பகுதியில் கல்லூரிக்குச் செல்லும் இளைஞனாகித் தன் பொம்மைகளை ஒரு சிறுமியின் கையில் ஒப்படைத்துச் செல்கின்றான். முதற்படத்தைச் சிறுவராகக் கண்டவர்களும் அதற்குள் வளர்ந்திருந்தனர். கார்ஸ் இரண்டாம் பகுதியோ, முதற்பகுதி போற்றிய சிற்றூரையும் அதன் அமைதியையும் ஒதுக்கிவிட்டு விரைவின்பின் சென்றமையால், அறிஞர் பலருடைய பாராட்டைப் பெறவில்லை. 2017-இல் வந்த மூன்றாம் பகுதி மீண்டும் பழைய பொருளுக்குத் திரும்பிற்று. அதில் மெக்வீனுக்கும் முதுமை நெருங்கிவிட்டது. புதிய கார்கள் அவனை முந்துகின்றன. இறுதிப் பந்தயத்தின் நடுவே தன் இடத்தைத் தன்னிடம் பயின்ற இளம் பெண் காருக்குக் கொடுத்துவிட்டு, டாக் ஹட்சன் தனக்குக் கற்பித்ததைப்போல் அவன் அவளுக்கு ஆசானாக நிற்கின்றான்.

இதனைக் கேட்டதும் பெரியவர் வெளியே நோக்கினார். மஞ்சுக்கு அப்பால் பகல் மறைந்துகொண்டிருந்தது. பாறையை அகற்ற இன்னும் அரைமணி ஆகும் என்றனர். அதற்குள் இருள் சூழ்ந்துவிடும். இனி இறங்குவது தம் கண்களால் ஆகாது. பேரனிடம் கொடுப்பதோ தம் மனத்தால் ஆகவில்லை. வண்டியில் ஏறப்போகின்றவர் அறுவர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் காத்திருக்கும் குழந்தைகள் உண்டு. தம் கண்ணின் குறையை மறைத்து ஓட்டினால் அது பழி. பேரனின் காலை அறிந்தும் ஆராயாமல் கொடுத்தால் அதுவும் பழி. இவ்விரண்டிற்கும் இடையே அவர் உள்ளம் ஊசலாடியது.

“அம்மா, முதற்பகுதியின் முடிவைச் சொல்லவில்லையே. சிவப்பு வண்டி வென்றதா?” என்று பேத்தியை வினவினார் அவர்.

“இல்லை, தாத்தா. எல்லைக்கோட்டின் அருகே வந்துவிட்டான். அப்போது முதிய பந்தய வீரர் ஒருவர் விபத்துற்றுப் பின்னால் கிடப்பதைக் கண்டான். கோட்டைத் தாண்டாமல் நின்று, திரும்பிச் சென்று, அவரைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தயத்தை முடிக்கச் செய்தான். கோப்பை வேறொருவனுக்குப் போயிற்று.”

பெரியவர் பேரனைப் பார்த்தார். “தம்பி, அந்த இடத்தில் நீ இருந்தால் நின்றிருப்பாயா?”

பேரன் உடனே விடை கூறவில்லை. பின்னர், “தாத்தா, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிற்பது எனக்கு எளிது என்றே நினைக்கின்றேன். ஒருவரும் பார்க்காத வளைவில் நிற்பதுதான் கடினம். போன மாதம் முந்தலுக்குக் கீழே எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிடாமல் முந்தினேன். அது இன்னும் என் மனத்தை உறுத்துகின்றது” என்றான்.

பெருமை பேசும் விடையை எதிர்பார்த்த பெரியவருக்கு, குற்றத்தை ஒப்பிய அவ்விடை புதிதாக இருந்தது. தன் பிழையைத் தானே காண்பவனிடம் திறவுகோலைக் கொடுக்கலாம் என்று அவர் துணிந்தார். ஆனால், பேரன் உண்மை கூறிய பின் தாம் உண்மையை மறைத்தல் முறையாகாது என்றும் எண்ணினார். அங்கிருந்த அனைவரும் கேட்க, “என் கண்ணில் புரை விழுந்திருக்கின்றது. இருட்டில் எதிர்விளக்கு எனக்குச் சிதறித் தெரிகின்றது. இன்று நான் ஓட்டப்போவதில்லை. பேரன் ஓட்டுவான், நான் பக்கத்தில் இருப்பேன். உங்களுக்கு விருப்பமில்லையேல், வேறு வண்டியில் இடம் கேட்டுத் தருகின்றேன்” என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். மூத்தவர் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “சொல்லாமல் ஓட்டியிருந்தால்தான் அஞ்சவேண்டும். சொல்லிவிட்டீர்கள், வாருங்கள் போகலாம்” என்றார்.

சாலை திறந்தது. வண்டிகள் மெல்ல நகர்ந்தன. புறப்படுமுன் பெரியவர் பேரனுக்குச் சொன்னவை சிலவே. “எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. எப்போதும் தடையை மிதித்துக்கொண்டே வராதே. சூடேறினால் தடை பிடிக்காது. எந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன் ஒலி எழுப்பு. ஏறிவருபவனுக்கு வழிவிடு. அவன் பாரத்தோடு நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது அரிது. நீ நின்றால் எளிதில் கிளம்பலாம்.” மலைவழியில் ஏறும் வண்டிக்கே முதலிடம் என்பது ஓட்டுநர் வழக்கு மட்டுமன்று, நம் நாட்டுச் சாலை விதியும் ஆகும். வலிமையுடையவன் விட்டுக்கொடுத்தலும், சுமையுடையவன் முன்செல்லுதலும் அறம் என்பதை அவ்விதி சொல்லாமற் சொல்கின்றது.

வளைவு ஒவ்வொன்றாகப் பின்னே சென்றது. ஒருவரும் பேசவில்லை. பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவை வண்டி நெருங்கியபோது, கீழிருந்து மஞ்சினூடே மங்கிய விளக்கொளி தோன்றிற்று. முன்னால் வழி சிறிது திறந்திருந்தது. விரைந்தால் முந்திச் சென்றுவிடலாம். பெரியவரின் கை தம்மையறியாமல் முன்பலகையைப் பற்றிற்று. பேரன் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தினான். பொருள் நிறைந்த லாரி ஒன்று முனகிக்கொண்டே வளைவில் ஏறிக் கடந்தது. அதன் ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி காட்டிச் சென்றார். பெரியவர் முன்பலகையிலிருந்து கையை எடுத்து மடிமீது வைத்துக்கொண்டார்.

முந்தலை அடைந்தபோது இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தொழிலாளப் பெண்கள் தத்தம் தெருமுனையில் இறங்கினர். மூத்தவர் இறங்கும்போது, “தம்பி, திங்கட்கிழமை விடியலில் ஐந்து மணிக்கு வந்துவிடு” என்று பேரனிடம் கூறிச் சென்றார். வழக்கமாக அச்சொல் பெரியவரிடம் கூறப்படுவது.

வீட்டு வாசலில் பேரன் திறவுகோலைத் தாத்தாவிடம் நீட்டினான். அவர் அதனை வாங்கவில்லை. “நாளைக்குக் கண் மருத்துவமனையில் நாள் குறிக்கவேண்டும், நீயே அழைத்துப் போ” என்று கூறி உள்ளே சென்றார்.

திங்கட்கிழமை விடியலில் அவ்வண்டி முந்தலைக் கடந்து மலையேறிற்று. ஓட்டுநர் இருக்கையில் பேரன் இருந்தான். இடப்பக்க இருக்கையில் தாத்தா இருந்தார். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வண்டி ஒலி எழுப்பியது.